மூன்றாம் பெட்டியும் வெர்னாவின் பட்டியலும்

வெர்னா ஸ்டுகார்ட்டிடம் அறுபத்து நான்கு வரிப் பட்டியல் ஒன்று இருந்தது. விஸ்கான்சினில் லிண்டன் க்ரீக் என்கிற சின்ன ஊரில், சீஸ் வெட்டும் இயந்திரம் செய்கிற பட்டறையில், அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அது அவள்தான். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். பட்டறை வருஷத்துக்கு இரண்டு தடவை வணிகக் கண்காட்சிக்குப் போகும். ஏப்ரலில் சிகாகோ, நவம்பரில் வேறு ஏதாவது ஊர். போவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும், எந்தப் பெட்டியில் எது இருக்க வேண்டும், அங்கே இறங்கியதும் எதை முதலில் பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது.

முதல் வருஷம் அதில் ஏழே வரிகள். ஒவ்வொரு கண்காட்சியிலும் ஏதாவது ஒன்று சொதப்பும். திரும்பி வந்ததும் ஒரு வரி கூடும். பழைய முதலாளி வால்டர் ஒரு தடவை தரைவிரிப்பை ஒட்டும் நாடாவை மறந்துவிட்டு வந்து, "அந்த வரிக்குப் பக்கத்துல எம்பேரைப் போடு, வெர்னா. மறுபடி நான் மறக்கக் கூடாது" என்றார். அவள் அடைப்புக்குறிக்குள் போட்டாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யாருடைய தவறால் வரி பிறந்ததோ அவர் பெயர் அதன் பக்கத்தில் ஏறும். பெயர் ஏறியவர் வீடு திரும்பும் வழியில் கெனோஷாவில் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் ஐஸ்கிரீம் மாதிரியான குளிர்ந்த கஸ்டர்ட் வாங்கித் தர வேண்டும்.

ஒன்பதாம் வரி: கத்தரிக்கோல் இரண்டு, ஒன்று பெட்டிக்கு வெளியே இருக்கட்டும் (கோர்டி). அந்த வருஷம் பெட்டியைப் பிரிக்க வேண்டிய கத்தரிக்கோலைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடியிருந்தான். பதினாறாம் வரி: எல்லாப் பெட்டிக்கும் மேல்மூடி ஆரஞ்சு வண்ணம் (கோர்டி). பக்கத்து ஸ்டால் தொத்திறைச்சி இயந்திரக்காரர்களின் பெட்டியை அவன் நம்முடையது என்று ஏற்றிவிட்டு வந்த வருஷம் அது. இருபத்திரண்டாம் வரி: மாதிரி சீஸை ஓட்டல் அறையில் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே (வால்டர்). நாற்பத்தொன்று: வண்டியின் உயரத்தை அளந்துவிட்டு பார்க்கிங்குக்குள் நுழை (டேல்). டேலும் பட்டறை ஆள்தான். இப்படி.

வெர்னாவின் பெயர் மட்டும் எங்கும் கிடையாது. அதை அவள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த யாராவது பட்டியலைப் படித்துவிட்டு, "உங்க பேர் ஒண்ணுகூட இல்லையே?" என்று கேட்கும்போது, "அப்படியா? நான் கவனிச்சதில்லை" என்பாள். கவனிக்காமல் என்ன. அவளுக்கு மனப்பாடம்.

கோர்டி பங்க்ராட்ஸ் அங்கே இயந்திரம் பொருத்துகிற பிட்டர். ஐம்பத்தெட்டு வயது. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் ஒரு கிழட்டு நாய் இருக்கிறது. பட்டறையில் எட்டு மணி நேரம் வெல்டிங் முகமூடிக்குள் இருப்பான். யாரோடும் பேச வழியில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை முடி வெட்டிக்கொள்வான், இரண்டும் கண்காட்சிக்காக. ஸ்டாலில் சிவப்புக் கையில்லாச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றால் ஆளே மாறிவிடுவான். இருபது கிலோ சீஸ் கட்டியை இயந்திரத்தில் வைத்து, கம்பிகள் கோத்த சட்டத்தை இறக்கி, விரல் விரலாக வெட்டி விழுவதை முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நீட்டி, அவர்கள் ஊர், பசு, பிள்ளைகள் எல்லாவற்றையும் விசாரித்து முடிப்பதற்குள் அவர்களே இயந்திரத்தின் விலையைக் கேட்டிருப்பார்கள். அவன் அந்த நாட்களுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தான் என்று வெர்னாவுக்குத் தெரியும்.

போன இலையுதிர்காலத்தில் கீத் ஓல்மன்சன் மேலாளராக வந்தார். மினியாபொலிஸில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தவர். நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார், மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவருவார். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டார் என்பதுதான் அவரிடம் உள்ள ஒரே கோளாறு. மார்ச் மாதம் ஒரு நாள் அவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெர்னாவின் மேஜைக்கு வந்தார்.

"உங்க லிஸ்ட் பிரமாதம், வெர்னா. நான் இருந்த கம்பெனியில நாலு பேர் சேர்ந்து செஞ்சதுகூட இவ்வளவு நல்லா இல்ல."

"தேங்க்ஸ்."

"பேர் வாரியா எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழு வரிக்குப் பேர் இருக்கு. அதுல பதினொண்ணு கோர்டி."

"அது சும்மா விளையாட்டுக்கு எழுதறது, கீத். கஸ்டர்டுக்காக."

"விளையாட்டா எழுதினாலும் நடந்தது நடந்ததுதானே? இருபத்திரண்டு வருஷத்து விவரம் வேற எங்க கிடைக்கும்?" அவர் தாளை மேஜைமேல் வைத்தார். "அவர் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, அதைப் பத்திப் பயப்பட வேண்டாம். அவர் நல்ல பிட்டர். ஆனா சிகாகோவுலயும் அவரால ஒரு வரி ஏறிச்சுன்னா, நவம்பர்லேர்ந்து அவர் பட்டறையிலயே இருக்கட்டும். கண்காட்சிக்கு வேற ஆளைப் பார்த்துக்கலாம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர், "உங்க பேர் ஒண்ணுகூட இல்ல. அதையும் கவனிச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். வெர்னாவுக்கு உள்ளே சில்லென்று ஒரு சந்தோஷம். அந்த சந்தோஷத்தில் சொல்ல வந்ததை விட்டுவிட்டாள்.

கோர்டியிடம் இதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. பட்டியலில் அவன் தப்பு செய்ய இடமே இல்லாதபடி செய்துவிட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்துகொண்டாள். எழுத்தைப் பெரிதாக்கினாள், பெட்டிக்கு ஒரு பக்கம் என்று பிரித்தாள், ஆறு பிரதி எடுத்து பிளாஸ்டிக் உறைகளில் போட்டாள். அவள் செய்ததிலேயே அழகான பட்டியல் அதுதான்.

ஏற்றுவதற்கு முந்தின வியாழக்கிழமை கோர்டி கதவு வழியாகத் தலையை நீட்டினான்.

"வாத்தியாரம்மா, புதுக் கம்பிச் சட்டம் ரெண்டாம் பெட்டிக்குள்ள போகமாட்டேங்குது. நீளம் ஜாஸ்தி. மூணாம் பெட்டியில உள்சுவரோட சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டிட்டேன். கம்பி வளையாது. பேப்பர்ல மாத்திக்கோ."

"சரி, மாத்திக்கறேன்."

ஆறு பிரதியையும் உறையிலிருந்து உருவி, பேனாவால் அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும். புதிதாக அச்சடித்துவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் தொலைபேசி அடித்தது. அது முடிந்ததும் லாரிக்காரன் வந்தான். பிறகு வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை மதியம் சிகாகோ கூடத்தில் ஸ்டால் போடும் வேலை. ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒஹாயோவிலிருந்து ஒரு பெரிய சீஸ் கம்பெனியின் அம்மாள் வருகிறார், புதுச் சட்டம் வெட்டுவதைப் பார்க்க. அவரோடு கீத் ஒரு மாதமாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அந்த மதியமும் பேசிக்கொண்டுதான் இருந்தார். மின்சார இணைப்பு இன்னும் வரவில்லை. அங்கே நாமாகப் பிளக்கைக்கூடச் செருகக் கூடாது, கூடத்து ஆட்கள்தான் செருக வேண்டும். அதனால் கோர்டி சேவை மேஜைக்குப் போய் வரிசையில் நின்றான். வெர்னா பரீட்சை அட்டையில் பட்டியலைச் செருகி மார்போடு பிடித்துக்கொண்டு, கூலிக்கு அமர்த்திய இரண்டு பேர் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதைப் பார்த்து டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பெட்டியில் மேஜைக் கால்கள், கருவிப்பை, நீளமாகத் தட்டையாக ஓர் அட்டைப் பெட்டி. கம்பிச் சட்டம் நீளமாகத் தட்டையாகத்தான் இருக்கும். டிக். மூன்றாம் பெட்டியில் தரைவிரிப்பு, நாற்காலிகள், விலைப் பலகைகள். எல்லாம் வெளியே வந்துவிட்டன. மேலிருந்து எட்டிப் பார்த்தாள். அடிப்பலகை தெரிந்தது, அதோடு நிமிர்ந்துவிட்டாள். காலி என்று எழுதிய மஞ்சள் சீட்டில் ஸ்டால் எண்ணைப் போட்டு, பெட்டியின் இரண்டு பக்கமும் தன் கையால் ஒட்டினாள். பட்டியலில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் 'வெ.ஸ்.' என்று எழுதினாள். சீட்டு ஒட்டினால் போதும், கூடத்துப் பளுத்தூக்கி வண்டி வந்து பெட்டியைக் கொண்டுபோய்விடும். கண்காட்சி முடிகிற அன்றைக்குத்தான் திரும்ப வரும். கால் மணி நேரத்தில் வந்து கொண்டுபோயும் விட்டது.

கோர்டி மின்சார ஆளோடு திரும்பி வந்து, இயந்திரத்தை நிறுத்தி, மட்டம் பார்த்து, கையை நீட்டினான்.

"சட்டம்?"

வெர்னா அந்த அட்டைப் பெட்டியைக் காட்டினாள். அவன் பிரித்தான். உள்ளே விளம்பரத் துணி மாட்டுகிற கம்பமும் துணியும் இருந்தன.

மூவரும் ஸ்டாலை அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். மூன்றுக்கு மூன்று மீட்டர் இடத்தில் எவ்வளவு நேரம் தேட முடியும்? கீத் தொலைபேசியைப் பையில் போட்டார். சட்டம் இல்லாவிட்டால் அந்த இயந்திரம் விலை அதிகமான எவர்சில்வர் மேஜை, அவ்வளவுதான்.

"கோர்டி, ஏத்தினீங்களா, இல்லையா?" என்றார் கீத், மெதுவாகத்தான்.

"ஏத்தினேன்னுதான் நெனைக்கிறேன். மூணாம் பெட்டியில கட்டின மாதிரி ஞாபகம்..." கோர்டி வெர்னாவின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான். "ரெண்டுன்னு போட்டிருக்கே. அப்ப அது வேற எதையோ கட்டினதா இருக்கும். பேப்பர் தப்பா இருக்காது."

அவன் பட்டறைக்குப் போன் செய்தான். அங்கிருந்தவன் தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான். கோர்டி போனை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"எழுதிடு வெர்னா. அறுபத்தஞ்சாவது வரி, எம்பேர். பதினொண்ணு ஒத்தையா நின்னுது, பன்னெண்டு ஆச்சுன்னா முழு டஜன்." அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். "நான் இப்பவே வேனை எடுத்துட்டுக் கிளம்பறேன். போக மூணரை, வர மூணரை. விடியறதுக்குள்ள கொண்டாந்துடறேன்."

கீத் வெர்னாவைப் பார்த்தார். மார்ச் மாதம் சொன்னது நினைவிருக்கிறதா என்கிற பார்வை. அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. கதவில் நீட்டிய தலை. உள்சுவரோட சேர்த்து. பேப்பர்ல மாத்திக்கோ.

அந்த இடத்தில் அவள் உடனே வாயைத் திறந்தாள் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. திறக்கவில்லை. சட்டம் மூன்றாம் பெட்டியில் இருக்கிறது. பெட்டி வியாழக்கிழமை திரும்பி வரும். திறந்தால் சட்டம் கிடைக்கும். கோர்டி யாரிடமும் சொல்லாமல் பெட்டியை மாற்றிவிட்டான் என்று ஆகிவிடும். அவன் சொன்னது அவனுக்கே நினைவில்லை. இருபத்திரண்டு வருஷமும் அப்படியே சுத்தமாக இருக்கும். இதையெல்லாம் யோசிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிறகு அவள் பல நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

கோர்டி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஏழெட்டு அடி போய்விட்டான்.

"கோர்டி, சாவியை உள்ள வை" என்றாள் வெர்னா. "நீ கட்டினது மூணாம் பெட்டியிலதான். போன வியாழக்கிழமை எங்கிட்ட வந்து சொன்ன. நான் சரின்னேன். மாத்தல."

"நான் சொன்னேனா?"

"சொன்ன. கதவுல தலைய நீட்டிட்டு."

"மூணாம் பெட்டி எங்க?" என்றார் கீத்.

"காலின்னு அனுப்பியாச்சு." தாளைத் திருப்பிக் கட்டத்தைக் காட்டினாள். "சீட்டு ஒட்டினது நான். கையெழுத்தும் போட்டிருக்கேன்."

கீத் குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு கோர்டி, "நல்லவேளை, எனக்கு மூளை கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்" என்றான். அவன் ஏதாவது கடுப்பாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சரக்குக் கதவுகளுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு ரோஸ்கோ பீல் உட்கார்ந்திருந்தார். பளுத்தூக்கி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் மேஸ்திரி. ஒவ்வொரு ஏப்ரலிலும் சரக்கு வந்து சேர்ந்ததற்கு அவரிடம் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்காமல் வெர்னா விட்டதில்லை; ஒன்று போதும் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"வாங்க, அட்டைக்காரம்மா. இன்னும் எங்க கையெழுத்துப் போடணும்?"

"ஒரு காலிப் பெட்டி திரும்ப வேணும், ரோஸ்கோ."

"வியாழக்கிழமை நாலு மணிக்கு வரும்."

"இப்ப வேணும்."

"காலிப் பெட்டி போனா போனதுதான். உங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் எதிர் ஸ்டால்காரன் கோட்டைப் பெட்டியில விட்டுட்டு அழுதப்ப, இதே எடத்துல நின்னு நீங்கதான அவனுக்கு வகுப்பு எடுத்தீங்க. ஒட்டறதுக்கு முன்னாடி உள்ள கைவிட்டுப் பாக்கணும்னு."

"ஆமா, எடுத்தேன்."

"இப்ப எவன் ஒட்டினான்?"

"நான்தான்."

ரோஸ்கோ சாய்ந்து உட்கார்ந்து நன்றாகச் சிரித்தார். பக்கத்தில் இருந்த ஓட்டுநர் ஒருவரைக் கூப்பிட்டு, "இவங்க சொன்னதைக் கேட்டியா? மறுபடி ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்றார். வெர்னா மறுபடி சொன்னாள். காது சூடாகிவிட்டது. ஆனாலும் நின்றாள்.

"சரி, சொல்லிட்டீங்க. ஆனா பின்னால ஆறு ட்ரெய்லர் நிக்குது, ஆயிரம் பெட்டி. எல்லாம் ஒரே மரம், ஒரே நிறம். எதைன்னு தேடறது?"

"மேல்மூடி ஆரஞ்சு" என்றான் பின்னால் நின்ற கோர்டி.

"மான்வேட்டைக்குப் போறவன் போடற சட்டைக் கலரா? அது உங்களோடதா?" ரோஸ்கோ அவனைப் பார்த்தார். "அட, நீ சீஸ் கர்ட் கொண்டுவர்ற ஆளு இல்ல?"

முப்பத்தெட்டாம் வரி: ரோஸ்கோவுக்கு சீஸ் கர்ட் இரண்டு பை, அன்று காலை எடுத்தது (கோர்டி). எட்டு வருஷத்துக்கு முன் கோர்டி வண்டியைத் தப்பான கதவில் நிறுத்தி ரோஸ்கோவிடம் திட்டு வாங்கியதால் வந்த வரி. கர்ட் என்றால் அங்கே தயிர் அல்ல, கட்டியாக அழுத்துவதற்கு முன் எடுக்கும் சீஸ் துண்டுகள். அந்த வரி இன்னும் டிக் ஆகாமல் இருந்தது. கோர்டி ஓடிப்போய் எடுத்துவந்தான். ரோஸ்கோ ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். புதிதாக இருந்தால்தான் கர்ட் பல்லில் கீச்சென்று சத்தம் போடும். போட்டது.

"புதுசுதான்" என்று சொல்லி எழுந்தார். "முடியும்னு சொல்லல. பாக்கறேன்னு சொல்றேன்."

நாலே முக்காலுக்கு ஆரஞ்சு மூடிப் பெட்டி கூடத்தின் நடுப்பாதையில் பளுத்தூக்கியில் ஏறி வந்தது. கோர்டி உள்ளே இறங்கிப் பட்டையை அவிழ்த்து, சட்டத்தைத் தூக்கிக் கொடுத்தான். ஒரு கம்பிகூட வளையவில்லை. ரோஸ்கோ தன் தாளை வெர்னாவின் அட்டைமேல் வைத்தார்.

"இங்க ஒண்ணு போடுங்க. இங்க ஒண்ணு. எனக்கும் ரெண்டு வேணும்."

அவள் இரண்டும் போட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஒஹாயோ அம்மாள் வந்தார். கோர்டி சிவப்புச் சட்டையோடு சட்டத்தை இறக்கினான். நாற்பது சீஸ் விரல்கள், ஒன்றுகூட நொறுங்காமல் விழுந்தன. அந்த அம்மாள் ஒன்றைத் தின்றார், இரண்டை அளந்தார், எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போவதற்குள் அவர் அப்பாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை என்பது கோர்டிக்குத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை பெட்டிகளைக் கட்டும்போது கீத் வெர்னாவின் பக்கத்தில் குனிந்து நாடா சுற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க அப்ப உடனே சொன்னது பெரிய விஷயம்" என்றார்.

"உடனே சொல்லல" என்றாள் வெர்னா.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "இந்தத் தடவை அவரால வரி ஏறலதான். ஆனாலும் நவம்பரைப் பத்தி இன்னும் யோசிக்கத்தான் வேணும். உங்களுக்கு ஒண்ணு ஏறிச்சுங்கறதால பதினொண்ணு குறைஞ்சுடாது. எண்ணிக்கை எண்ணிக்கைதான்."

அவளுக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல. அவர் எண்ணியதில் ஒரு தப்பும் இல்லை, எழுதியது அவள். நாடாவைக் கீழே வைத்துவிட்டு எதிரே பார்த்தாள். கோர்டி மூன்றாம் பெட்டியின் அந்தக் கோடிமூலையைத் தோளால் முட்டித் தூக்கிக்கொண்டிருந்தான். அந்தக் காட்சியை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறாள், பரீட்சை அட்டையைப் பிடித்துக்கொண்டு. தூக்குகிறவன் கையிலிருந்துதான் எதுவும் விழும். அட்டை பிடிக்கிறவள் எதைக் கீழே போடப்போகிறாள்?

திரும்பும்போது கோர்டி வேனை ஓட்டினான். கீத் முன்னால் உட்கார்ந்தார். வெர்னா பின்சீட்டில் பட்டியலின் பழைய பிரதியை மடியில் வைத்து, அடைப்புக்குறிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு கோடு கிழித்தாள். மேலே 'சரி செய்தவர்' என்று எழுதினாள். பெயர் உள்ள இருபத்தேழு வரிகளையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினாள்.

கத்தரிக்கோல் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட வருஷம், பட்டைகளைப் பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்துத் திறந்தது கோர்டி. வால்டரின் சீஸ் ஹீட்டரில் உருகியபோது, விடிகாலையில் யாரோ ஒரு பால்பண்ணைக்காரரை எழுப்பிப் புதுக் கட்டிகள் வாங்கிவந்தது கோர்டி. டேல் வேனை பார்க்கிங் கூரையில் சிக்கவைத்தபோது நாலு டயரிலும் காற்றை இறக்கி வெளியே எடுத்தது கோர்டி. பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் சீஸும் கொடுத்தான். இரண்டு இடத்தில் ரோஸ்கோ என்று எழுதினாள். பெட்டி மாறிப்போன வருஷத்துக்குத் தொத்திறைச்சி இயந்திரக்காரி என்று மட்டும் எழுதினாள். அவள்தான் அதைத் திருப்பி அனுப்பினாள், பெயர் மறந்துவிட்டது. மூன்று வரி எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை, கேள்விக்குறி போட்டாள். இரண்டை யாருமே சரி செய்யவில்லை, அப்படியே சமாளித்தார்கள். மிச்சம் பத்தொன்பதும் கோர்டி. எழுத எழுத, இதை முதலிலேயே எழுதாமல் விட்டோமே என்று தோன்றியது. யார் தடுத்தார்கள்? தாளில் இடம் இருந்துகொண்டேதான் இருந்தது.

கடைசியில் புது வரி எழுதினாள். அறுபத்தைந்து: பெட்டி மாறினால் உடனே தாளில் மாற்று, அழகாக இல்லாவிட்டாலும் (வெர்னா). சரி செய்தவர்: ரோஸ்கோ, கோர்டி.

கெனோஷாவில் கோர்டி கேட்காமலேயே வேனைக் கஸ்டர்ட் கடைக்குள் திருப்பினான். நிறுத்தியதும் அவன் கை பழக்கத்தில் பின்பாக்கெட்டுக்குப் போயிற்று.

"எடுக்காத" என்றாள் வெர்னா. "இன்னிக்கு நான்."

"ஆமால்ல" என்று கோர்டி கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான். "வா வா. உனக்காக இத்தனை வருஷம் எடம் போட்டு வெச்சிருந்தோம்."

இறங்குவதற்கு முன் தாளை முன்சீட்டுக்கு நீட்டினாள். "கீத், நான் பாதிதான் எழுதி வெச்சிருந்தேன். இதையும் எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடி ஒரு தடவை. கேள்விக்குறிகளில் விரல் நின்றது.

"இந்த மூணும் கோர்டியாகூட இருக்கலாம், இல்ல?"

"இருக்கலாம். ஞாபகம் இல்லாததை எழுதக் கூடாது."

"சரிதான்." அவர் தாளை நாலாக மடிக்கப் பார்த்து, மடிக்காமல் உறையிலேயே போட்டார். "நவம்பருக்கும் அவர் பேரையே போட்டுடுங்க."

"எதுக்கு எம்பேரு?" என்றான் கோர்டி. "நான் இப்ப என்ன பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல. வேன் ஓட்டணுமாம்" என்று சொல்லிவிட்டு வெர்னா இறங்கினாள்.

வரிசையில் நாலு பேர் இருந்தார்கள். அந்த வரிசையில் அவள் நிற்பது அதுதான் முதல் தடவை. வழக்கமாக வேனில் உட்கார்ந்தபடி அடுத்த பட்டியலைத் திருத்திக்கொண்டிருப்பாள். கோர்டி வந்து ஜன்னலைத் தட்டுவான். சின்னக் கோப்பை, வெண்ணெயில் வறுத்த பீக்கன் கொட்டை போட்டது, செர்ரி கிடையாது, பிசுபிசுப்பு அவளுக்குப் பிடிக்காது என்பதால் காகிதத் துவாலை இரண்டு. என்ன வேண்டும் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மற்றவர்கள் பெயர் ஏறிய வருஷங்களிலும் அவன்தான் போய் நின்று வாங்கிவருவான்.

"வெனிலா பெரிசு ஒண்ணு, கீத்துக்கு" என்றாள் கடை ஜன்னலில் இருந்த பெண்ணிடம். "பட்டர் பீக்கன் சின்னது ஒண்ணு."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு."

"என்ன வேணும்?"

வெர்னா நின்றாள். தெரியவில்லை. அறுபத்தைந்து வரி மனப்பாடம், இது தெரியவில்லை. பின்னால் இருப்பவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு வேனுக்குத் திரும்பி நடந்தாள். கோர்டி ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு என்னப்பா வேணும்?"

"ஏன், காசு போதலையா?"

"அதில்ல. நீ என்ன சாப்பிடுவன்னு எனக்குத் தெரியல, கோர்டி."

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சாக்லேட். நடுத்தரம்" என்றான். "மேல ரெண்டு செர்ரி போடச் சொல்லு. ஒண்ணு உன்னோடது. நீ வேணாங்கறதை எப்பவும் நான்தான் வாங்கித் தின்னுடுவேன்."

வெர்னா அட்டையை வேனிலேயே விட்டிருந்தாள், எழுதிக்கொள்ளவும் இல்லை. சாக்லேட், நடுத்தரம், இரண்டு செர்ரி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.